ரிப்பன் முன்னே போகும்

எங்கள் டிமலூன் ஊருக்குச் சாலை போட்டு முடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதில் யாரும் போகவில்லை. சாலை இன்னும் திறக்கப்படவில்லை, அதனால் போகக் கூடாது என்று உத்தரவு.

மலையைக் குடைந்து, கடலோரமாக வளைந்து, சான் ருஃபினோ நகரம் வரைக்கும் அது வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. நானும் சேர்ந்து சிமெண்ட் கலந்து கொட்டிய சாலைதான். வேலை நடக்கும்போது அதன் மேல் நடந்திருக்கிறேன், சோறு தின்றிருக்கிறேன், மதியத்தில் துண்டை விரித்துத் தூங்கியும் இருக்கிறேன். கடைசி மண்வெட்டியைக் கழுவி வைத்த அன்று இன்ஜினியர் சுமாவாங் ஊர் எல்லையில் இரண்டு மூங்கில் கம்பங்களை நட்டு, நடுவே சிவப்பு ரிப்பனைக் கட்டினார்.

"இனிமே யாரும் இதுக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது."

"அதான் சாலை முடிஞ்சிருச்சே, இன்ஜினியர்?"

"கான்கிரீட்டுதான் முடிஞ்சிருக்கு, டெல்ஃபின். சாலை இன்னும் ஆரம்பிக்கலை. கவர்னர் வெட்டினாத்தான் அது சாலை. அதுவரைக்கும் நீளமா ஒரு கல்லு, அவ்வளவுதான்."

ரிப்பனை எங்கள் பக்கம் கட்டியதற்குக் காரணம் கடல். கடல் பின்னால் தெரிந்தால் கவர்னர் படத்தில் நன்றாக விழுவார். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தவர்கள், கூப்பிடு தூரத்தில் இருந்த தங்கள் கொல்லைக்குப் படகில் சுற்றிக்கொண்டு போய் வந்தார்கள். ஓர் ஆடு மட்டும் உத்தரவு தெரியாமல் ரிப்பனுக்கு அடியில் நுழைந்துவிட்டது. போலீஸ்காரர்கள் அதைப் பிடித்து ஸ்டேஷனில் கட்டினார்கள். விசாரணை முடிவதற்குள் அது வரவேற்புக் குழுவின் சமையலுக்குப் போய்விட்டது.

யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தச் சாலைக்காக எங்கள் ஊரில் மூன்று தலைமுறை ஓட்டுப் போட்டிருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்தோம். நானும் அப்படித்தான் இருந்தேன், திறப்பு விழா நாள் விடியும் வரைக்கும்.

அன்று விடியற்காலையில் என் மனைவி நெனிதாவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி பெலாஹியா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தக் கையில் விழுந்தவர்கள். அந்தக் கை நின்றுவிட்டது.

"குழந்தை குறுக்க கிடக்கு, டெல்ஃபின். என்னால ஆகாது. அறுத்துத்தான் எடுக்கணும். சான் ருஃபினோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும். மத்தியானத்துக்குள்ள."

"மத்தியானம் தாண்டினா, மனாங்?"

மனாங் என்றால் அக்கா. எல்லோருக்கும் அவர் அக்காதான். அவர் பையைத் திறந்து, கொதிக்க வைத்துத் துணியில் சுற்றிய கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பார்த்து மூடிக்கொண்டார்.

வெளியே வடகிழக்குக் காற்று. அலைகள் கூரை உயரத்துக்கு எழும்பி விழுந்தன. அந்தக் கடலில் எவனும் படகு இறக்க மாட்டான். நெனிதாவின் அண்ணன் ஒக்தாவியோ தன் ட்ரைசைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். மோட்டார் பைக்கும் பக்கத்தில் ஒட்டிய தகரப் பெட்டியும்தான் அந்த வண்டி. பெட்டிக்குள் அவளைச் சுருட்டி உட்கார வைத்தோம். மனாங் அவள் காலடியில் குந்திக்கொண்டார்.

ஊர் எல்லையில் ஊரே கூடியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு வரிசையில் நின்றார்கள். முழுப் பன்றி ஒன்று மூங்கிலில் வெந்து, தோல் சிவந்து, வாழை இலையில் கவர்னருக்காகக் காத்திருந்தது. பேண்டு வாத்தியக்காரர்களுக்கு மேயர் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்: ரிப்பன் அறுந்த நொடியில் வாசிக்க வேண்டும், ஒரு நொடி பிந்தினாலும் சாப்பாடு கிடையாது. மேடையில் வெல்வெட்டுத் தலையணை மேல் தங்க நிறக் கத்தரிக்கோல் படுத்திருந்தது. எங்கு பார்த்தாலும் கவர்னரின் முகமும் பெயரும். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். சிமெண்ட் மூட்டைக்கு அடுத்தபடி நான் அதிகம் வாசித்தது அந்தப் பெயரைத்தான். பயிற்சிக்குக் குறைவே இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் புது ஆம்புலன்ஸ் நின்றது. முகப்பில் கவர்னரின் முகம், பக்கவாட்டில் மேயரின் முகம், பின்கதவில் இருவரும் கை குலுக்கும் படம். நோயாளி படுக்கிற இடம் மட்டும்தான் காலி. வண்டி மொத்தத்தையும் சுற்றிப் பெரிய பூ முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

மேயரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"ரொம்ப நல்ல செய்தி, டெல்ஃபின். இந்தச் சாலையோட முதல் பயனாளி உன் குழந்தை. கவர்னர் பேச்சுல சேத்துடுறேன்."

"மேயர், அவளை இப்பவே கொண்டு போகணும். ஆம்புலன்ஸைக் குடுங்க."

"குடுக்கத்தானேப்பா இவ்வளவு விழா? நிகழ்ச்சி நிரலைப் பாரு. நாலாவது ரிப்பன். அஞ்சாவது பேச்சு. ஆறாவது என் பேச்சு. ஒம்பதாவது ஆம்புலன்ஸ் சாவி. இப்ப நான் எடுத்துக் குடுத்தா அது திருட்டு. கவர்னர் குடுத்தா அது தானம். உன் பொண்டாட்டிய நான் திருட்டு வண்டியில அனுப்புவேனா?"

"கவர்னர் எப்ப வருவாரு?"

மேயர் கடலைப் பார்த்தார். கவர்னர் படகில் வருவதாக ஏற்பாடு. திறக்காத சாலையில் அவரே வந்துவிட்டால், அப்புறம் அவர் திறப்பதற்கு என்ன இருக்கும்?

நான் ட்ரைசைக்கிளை ரிப்பன் வரை தள்ளிக்கொண்டு போனேன். இன்ஜினியர் சுமாவாங் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள்.

"இன்ஜினியர், ரிப்பனை மேல தூக்கிப் பிடிங்க. அடியில போயிருறோம்."

"மேல போனாலும் கீழ போனாலும் கடந்தது கடந்ததுதான்."

"அவ செத்துருவா, இன்ஜினியர்."

"எனக்கு மட்டும் மனசு இல்லையா? யோசிச்சுப் பாரு. இப்ப ஒரு வண்டி போச்சுன்னா இது வண்டி போன சாலை. அதாவது பழைய சாலை. பழைய சாலைய கவர்னர் திறக்க மாட்டாரு. திறக்காத சாலைக்கு ரிப்பேர் கிடையாது. அடுத்த மழைக்கு அரிச்சுக்கிட்டுப் போயிரும். அப்புறம் பிரசவத்துக்கு எல்லாரும் எதுல போவாங்க?"

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என்னோடு சிமெண்ட் சுமந்தவர்களும் ஆட்டினார்கள். கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். மீன் விற்கிற ஒருத்தி என் கையைப் பிடித்து அழுதாள். "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு தம்பி. சாலை கையை விட்டுப் போயிரும்." தகரப் பெட்டிக்குள்ளிருந்து நெனிதா கத்தினாள். பேண்டுக்காரர்களில் ஒருவன் அதை ஏதோ சைகை என்று நினைத்து முரசை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் மேயரின் போன் அடித்தது. பேசப் பேச அவர் முகம் வெளுத்தது. கவர்னரின் படகு அலை தாங்காமல் திரும்பிவிட்டது. கவர்னர் சான் ருஃபினோவில் ஒரு ஓட்டலில் இருக்கிறார். வாந்தி எடுத்திருக்கிறார். விழா தேதி இல்லாமல் தள்ளிப் போகிறது.

கூட்டம் மொத்தமாகப் பெருமூச்சு விட்டது. மேயர் பன்றியைப் பார்த்தார். அது நாளைக்குத் தாங்காது.

பெட்டிக்குள்ளிருந்து மனாங் தலையை வெளியே நீட்டினார். "ஏய் இன்ஜினியர்! இந்த ஊர்ல ஒருத்தன் வீடு மாறினா என்னடா பண்றோம்?"

"என்ன மனாங் இந்த நேரத்துல?"

"சொல்லுடா."

"அடியில மூங்கிலைக் குடுத்து வீட்டையே தூக்கிட்டுப் போறோம்."

"கூரையப் பிரிக்கிறோமா? சுவரை உடைக்கிறோமா? அப்படியே தூக்கி வேற இடத்துல வைக்கிறோம். பானை கூட உள்ள அசையாது. வீட்டையே தூக்குற பயலுவளுக்கு ரெண்டு குச்சியும் ஒரு துணியும் கனக்குதா? ரிப்பனைத் தாண்டக் கூடாதுன்னா தாண்ட வேணாம். அது முன்னால போகட்டும். நாங்க அதுக்குப் பின்னாலயே வர்றோம்."

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து நிகழ்ச்சி நிரலை எடுத்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி வாசித்தார். நெனிதா இன்னொரு முறை கத்தினாள்.

"ரிப்பன் எந்த இடத்துல இருக்கணும்னு இதுல போடலை. கவர்னருக்கு முன்னால இருக்கணும்னுதான் போட்டிருக்கு."

அந்த வார்த்தை மேயருக்குள் விளக்கு ஏற்றியது. "கவர்னர் ரிப்பன்கிட்ட வர முடியலைன்னா ரிப்பன் கவர்னர்கிட்ட போகுது! எடுங்கப்பா எல்லாத்தையும்! பேண்டு, பன்றி, ஆம்புலன்ஸ் எல்லாம் கிளம்பட்டும்!"

அப்படித்தான் கிளம்பினோம். முன்னால் இரண்டு பைக்குகள், பக்கம் பக்கமாக. ஒன்றை என் கூட்டாளி எலிசியோ ஓட்டினான். அவன் பின்னால் நான் உட்கார்ந்து ஒரு கம்பத்தை நெஞ்சோடு நிறுத்திப் பிடித்தேன். இன்னொன்றை கான்ஸ்டபிள் ஓட்டினார். மறு கம்பத்தை யார் கையிலும் கொடுக்க மனம் வராமல் இன்ஜினியரே பிடித்துக்கொண்டார். நடுவில் ரிப்பன். அதற்குப் பின்னால், தகரப் பெட்டியில் மடங்கிக்கொண்டு என் மனைவி. அவளுக்குப் பின்னால், கால் நீட்டிப் படுக்க மெத்தை போட்ட ஆம்புலன்ஸ், பூ முடிச்சோடு, காலியாக. பிறகு மேயரின் ஜீப். கடைசியில் பேண்டும் பன்றியும்.

"ஆம்புலன்ஸ் சும்மாத்தானே வருது, மேயர்!" என்று ஒக்தாவியோ கத்தினான்.

"சும்மா வரலை, ஒப்படைக்கப் போகுது!" என்று மேயர் பதில் கத்தினார்.

கடல் காற்று ரிப்பனைப் பாய் மாதிரி ஊதியது. கம்பம் என் விலாவில் இடித்தது. எலிசியோ கொஞ்சம் முந்தினால் இன்ஜினியர் அலறுவார்: "இழுக்காதே! அறுந்துரும்!" கொஞ்சம் பிந்தினால்: "தொங்குது! சக்கரத்துல மாட்டிரும்!" ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கத்துப் பைக் மெதுவாகவும் வெளிப்பக்கத்துப் பைக் வேகமாகவும் போக வேண்டும். வெளிப்பக்கம் நாங்கள். என் இடது செருப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெகு கீழே கடல். திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் கம்பம் சாயும். நெனிதாவின் குரல் மட்டும் முதுகில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குரல் வரும் வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பாதி வழியில் சாலை ஒடுங்கியது. மலை ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம். இரண்டு பைக் சேர்ந்து போகாது. எல்லா வண்டிகளும் நின்றன. மேயர் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன்யா நின்னுட்டீங்க?"

"இங்க அகலம் இல்லை, மேயர்," என்றான் எலிசியோ.

"என்னது? வரைபடத்துல இந்த இடத்துல ரெண்டு லாரி எதிரும் புதிருமாப் போகுதே! இன்ஜினியர்! மிச்ச அகலம் எங்க?"

இன்ஜினியருக்கு அரை மணி நேரமாகக் கம்பம் பிடித்துத் தோள் கழன்றிருந்தது. கோபத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "உங்க வீட்டு முற்றத்துல இருக்கு, மேயர்! நீங்கதானே கேட்டு வாங்கினீங்க!"

அந்த முற்றத்தையும் நாங்கள்தான் போட்டோம். நல்ல முற்றம். கல்யாணமே நடத்தலாம். பேண்டுக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மேயர் ஜீப்புக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "இயற்கை அழகைக் கெடுக்காம ஒடுக்கமாப் போட்டிருக்காங்க," என்றார், யாரும் கேட்காமலே.

அப்போதுதான் கவனித்தேன். பின்னால் சத்தம் இல்லை.

"மனாங்! அவ ஏன் கத்தலை?"

"கம்பத்தைப் பாத்துப் புடி," என்றார் மனாங். அவர் குரல் சரியாக இல்லை. "மச்சான், திரும்பாத, முன்னால போ!" என்றான் ஒக்தாவியோ. அவன் குரலும் சரியாக இல்லை.

எங்கள் பைக் முன்னால் போக, இன்ஜினியரின் பைக் பின்னால் வர, ரிப்பனை நீளவாக்கில் பிடித்தபடி அந்த ஒடுக்கத்தைக் கடந்தோம். அது கடந்ததாகுமா ஆகாதா என்று இன்ஜினியர் தனக்குத்தானே வழக்கு நடத்திக்கொண்டே வந்தார். கம்பத்தைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடலாமா என்று என் கை யோசித்தது. போட்டால் கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் நிறுத்துவார். இங்கே, இந்த மலையில். இறுக்கிப் பிடித்தேன். விரலில் இரத்தம் வந்தது பிறகுதான் தெரிந்தது.

சான் ருஃபினோ முனையில் தடுப்புக் கட்டைக்குக் காவல் இருந்தவன், ரிப்பன் தானாக வருவதைப் பார்த்து விறைத்து நின்று சல்யூட் அடித்தான். ஊருக்குள் சிக்னல்களெல்லாம் எங்களுக்கு வழி விட்டன. ரிப்பனுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். ட்ரைசைக்கிள் எங்களுக்குப் பின்னால் இருந்தது, வாசல் எங்களுக்கு முன்னால். ஆக, ரிப்பன் வாசலுக்குக் குறுக்கே நின்றது. காவலாளி ஓடி வந்தான்.

"என்ன சார் இது, எங்களுக்கு ஒண்ணும் சொல்லவே இல்லையே? யாரு திறக்கிறாங்க?"

"கவர்னர்," என்றார் இன்ஜினியர். பொய்யில்லை.

காவலாளி தொப்பியைச் சரி செய்தான். இரண்டு கதவுகளையும் சாத்தினான். "அப்ப அவர் வர்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது."

"யோவ், இது ஆஸ்பத்திரிய்யா! நான் பொறக்கிறதுக்கு முன்னாலருந்து திறந்துதான்யா இருக்கு!" என்று கத்தினேன்.

"ரிப்பன் கட்டியிருக்கே. திறக்காத ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளிய விட்டா யாரு பொறுப்பு?"

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்த ஒரு நோயாளி, கால் கட்டோடு ஒருவர், நர்சுகள். வெள்ளை அங்கி போட்ட டாக்டர் வந்தார். அவர் ஒருவர்தான் அறுத்து எடுக்கக்கூடியவர். அவர் வாசலைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், தலையைக் கோதினார், கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார், நர்சுகளுக்குப் பக்கத்தில் வரிசையில் நேராக நின்றுகொண்டார்.

மேயர் போனில் கவர்னரின் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுப் படுத்திருக்காரா? எழுப்ப வேணாம், எழுப்ப வேணாம். நாங்க இப்படியே நிக்கிறோம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தனை தூரத்துக்கும் அப்போதுதான் முதல் முறை. நெனிதாவின் தலை ஒக்தாவியோவின் தோளில் தொங்கியது. உதடு சாம்பல் நிறம். கண் பாதி திறந்து என்னைத்தான் பார்த்தது. தகரப் பெட்டிக்குக் கீழே சிமெண்ட் தரையில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மனாங் இறங்கி வந்தார். பையிலிருந்து துணிச் சுருளை எடுத்துப் பிரித்தார்.

"டெல்ஃபின், நல்லா இழுத்துப் புடி. தொங்கினா வெட்ட வராது."

இழுத்துப் பிடித்தேன். ரிப்பன் விறைத்ததும் பழக்க தோஷத்தில் இன்ஜினியரும் தன் பக்கம் இழுத்துப் பிடித்தார். "ஆங், இப்படித்தான், தொங்காம..." என்றவர் கத்தரிக்கோலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அதற்குள் மனாங் வெட்டிவிட்டார்.

அறுந்த நொடியில் பேண்டு முழங்கியது. ஒரு நொடி கூடப் பிந்தவில்லை. பேண்டு முழங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். காவலாளி கதவுகளை அகலத் திறந்துவிட்டுத் தட்டினான். டாக்டர் தட்டினார், நர்சுகள் தட்டினார்கள், குளுக்கோஸ்காரர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். கான்ஸ்டபிள் தட்டினார். மேயர் போனைத் தோளில் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிவிட்டு, "பெரியோர்களே, தாய்மார்களே," என்று ஆரம்பித்த பிறகுதான் வெட்டியது யார் என்று பார்த்தார்.

நானும் ஒக்தாவியோவும் நெனிதாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கை தட்டலுக்கு நடுவில் உள்ளே ஓடினோம். "ஏய் டாக்டர்! தட்டினது போதும், வா!" என்று மனாங் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். திறப்பு விழா முடிந்துவிட்டதால் டாக்டருக்கும் ஓட அனுமதி கிடைத்தது.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் ஒருவர்தான் மிஞ்சியிருப்பார்கள் என்றும், அது யார் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் கவர்னர் எழுந்து வந்தார். அறுந்த ரிப்பனைப் பார்த்து, "யார் வெட்டியது?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார்," என்றார் மேயர்.

"அப்படியா? படம் எடுத்தீங்களா?"

ரிப்பனை முடிச்சுப் போட்டு, மறுபடி வெட்ட வைத்துப் படம் எடுத்தார்கள். தங்கக் கத்தரிக்கோல் டிமலூனிலேயே தலையணையில் தூங்கிக்கொண்டிருந்ததால் மனாங்கிடம் கேட்டார்கள். "இது அழுக்காயிருச்சு, கொதிக்க வச்சாத்தான் தருவேன்," என்று அவர் பையை மூடிக்கொண்டார். கவர்னர் வாழை இலை அறுக்கிற கத்தியால் வெட்டினார். பன்றியை ஆஸ்பத்திரி வாசலிலேயே பங்கு போட்டார்கள்.

அடுத்த மாதம் அந்த வாசலில் கல் பதித்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். இந்த ஆஸ்பத்திரி கவர்னரால் திறந்து வைக்கப்பட்டது என்று இருந்தது.

ஆக, ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. சாலை இன்னும் இல்லை. அதற்கு ஒதுக்கிய ரிப்பன் வேறொன்றுக்குச் செலவாகிவிட்டது என்று இன்ஜினியர் விளக்கினார். மறுபடி முடிச்சுப் போட்ட ரிப்பனை முன்னால் பிடித்துக்கொண்டுதான் குழந்தையோடு ஊர் திரும்பினோம். அதைப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டு, புதுத் தேதிக்குக் காத்திருக்கிறோம். ஆம்புலன்ஸும் கூடவே திரும்பி வந்து மேடை ஓரத்தில் பூ முடிச்சோடு நிற்கிறது. வெயிலில் கவர்னரின் முகம் பாதி போய்விட்டது. சாவி கொடுப்பது இப்போதும் ஒன்பதாவதுதான். என் மகள் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள்.

ஊரில் யாருக்காவது முடியாமல் போனால் இப்போது யாரும் பதறுவதில்லை. முதலில் ரிப்பனைத் தூக்குகிறோம். நோயாளியை அதற்குப் பிறகுதான்.